சீனிக்குச் சுவர், பருத்திக்குத் திறந்த வாசல்

2025 செப்டம்பர் முதல் வாரம். திருச்சுழி தாலுகாவில் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து நாம் பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரம். ஒரு தாயும் மகனும் நம் முன்னால் நின்று வாதாடிக்கொண்டார்கள். மகன் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்கிறவர். தாய் ஒண்ணரைக் குறுக்கம் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்துப் பருத்தி போடுகிறவர். மற்ற நாட்களில் அடுத்தவர் புஞ்சையில் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போகிறவர்.

"மில் வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. வெளிநாட்டுப் பஞ்சுக்கு வரி போயிருச்சு. இனிமே ஷிப்டைக் குறைக்க மாட்டாங்க" என்றார் மகன்.

"வெளிநாட்டுப் பஞ்சு வந்து எறங்குனா நம்ம பருத்திய எவன் கேப்பான்? நீங்க சொல்லுங்க தம்பி, நான் சொல்றது சரியா, இவன் சொல்றது சரியா?" என்று தாய் நம்மைப் பார்த்துக் கேட்டார்.

ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற இரண்டு பேரை எதிரும் புதிருமாக நிறுத்திவிட்டது டில்லி சர்க்காரின் ஓர் உத்தரவு! பஸ் வந்துவிட்ட அவசரத்தில் நாம் ஏதோ பதில் சொன்னோம். அந்தப் பதில் போதாது என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே நமக்குத் தெரிந்தது. ஆகவே இங்கே விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் உத்தரவு என்ன என்று பார்ப்போம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள். அதில் 5 சதவீதம் சுங்க வரி. 5 சதவீதம் விவசாய உள்கட்டமைப்பு, அபிவிருத்தி என்ற பெயரில். மிச்சம் சமூகநல மேல்வரி. விவசாயத்தை அபிவிருத்தி செய்ய என்று பேர் வைத்த அந்த வரியையும் சேர்த்து, 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அது சம்சாரி பருத்தி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிற காலம். மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் குஜராத்திலும் அக்டோபரிலிருந்தே மூட்டை வந்து குவியும். விற்கிறவன் வாசலுக்கு வரும் நாள் பார்த்து வாங்குகிறவனுக்கு வேறு கடையைக் காட்டினார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கண்டிப் பஞ்சு 356 கிலோ. கணக்குச் சுலபமாக இருக்க, வெளிநாட்டுப் பஞ்சு கண்டி 50,000 ரூபாய் என்று துறைமுகம் வந்து சேருவதாக வைத்துக்கொள்வோம். 11 சதவீத வரி என்றால் 5,500 ரூபாய். வரி போனதும் மில்காரருக்கு அந்தப் பஞ்சு அவ்வளவு மலிவு. உள்ளூர்ப் பஞ்சும் அதோடு போட்டி போட்டு இறங்கித்தானே விற்க வேண்டும்? விதையோடு கூடிய பருத்தியில் குவிண்டாலுக்கு 34, 35 கிலோ பஞ்சு நிற்கும், மற்றது கொட்டை. ஆக ஒரு கண்டிப் பஞ்சுக்குப் பத்துப் பத்தரைக் குவிண்டால் பருத்தி வேண்டும். 5,500 ரூபாயை அதிலே பங்கு வைத்தால் குவிண்டாலுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் அடி.

இப்போது இன்னொரு தொகையை இதன் பக்கத்தில் வையுங்கள். 2025 மே மாதம் பருத்திக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை உயர்த்திவிட்டோம் என்று டில்லியில் தம்பட்டம் அடித்தார்கள். நடுத்தர இழைப் பருத்திக்கு 7,121 ரூபாயை 7,710 ஆக்கினார்கள். நீள இழைக்கு 8,110. உயர்வு குவிண்டாலுக்கு 589 ரூபாய். மே மாதம் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை ஆகஸ்டில் துறைமுகத்தில் வைத்துப் பறித்துக்கொண்டார்கள் என்று நாம் சொன்னால் அதில் மிகை இருக்கிறதா? வரி விலக்கு வந்த கையோடு சர்க்காருக்குச் சொந்தமான இந்தியப் பருத்திக் கழகமே தன் கையிருப்புப் பஞ்சின் விலையைக் கண்டிக்கு 600 ரூபாய் குறைத்தது. அந்த வருஷம் பல மாநிலங்களின் சந்தைகளில் பருத்தி ஆதரவு விலைக்குக் கீழேயே விலை போயிற்று.

இதைப் படிக்கிற விவசாயத் தொழிலாளி, "நமக்குச் சொந்த நிலமா இருக்கிறது? சம்சாரிக்கு விலை குறைந்தால் நமக்கென்ன?" என்று நினைக்கலாம். பருத்தி விலை இறங்கினால் சம்சாரி முதலில் கை வைப்பது எடுப்புக் கூலியில்தான். அடுத்த வருஷம் அவர் பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளம் ஊன்றுகிறார். நம் கரிசலில் எத்தனை புஞ்சை அப்படி மாறியிருக்கிறது என்று ரோட்டோரம் பார்த்துக்கொண்டு போனாலே தெரியும். பருத்தி என்றால் களையெடுப்பு, மருந்தடிப்பு, பிறகு நாலைந்து தடவை எடுப்பு என்று பெண்களுக்கு மாதக்கணக்கில் வேலை உண்டு. மக்காச்சோளத்தில் அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது. தூத்துக்குடியில் அமெரிக்கப் பேல் ஒன்று இறங்கும்போது நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சில நாள் வேலை போகிறது. அந்தப் பெண் அந்தக் கப்பலைக் கண்ணாலும் பார்த்ததில்லை. (சுதேசிக் கப்பல் விட்டுச் சிறை சென்ற வ.உ.சி.யின் பெயர்தான் அந்தத் துறைமுகத்துக்கு!)

மகனின் பயமும் பொய் அல்ல

மில் தொழிலாளியின் கவலையை நாம் அலட்சியமாகப் பேசவில்லை. 2025 ஆகஸ்ட் 7ல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகள் மீது 25 சதவீத வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று சொல்லி ஆகஸ்ட் 27ல் மேலும் 25 போட்டு 50 ஆக்கியது. திருப்பூரிலும் கரூரிலும் ஆர்டர்கள் நின்றன. துணி நின்றால் நூல் நிற்கும். நூல் நின்றால் நம் மில்லில் ஷிப்டு குறையும். இதெல்லாம் உண்மை. தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் சிறு பங்குதான் தமிழ்நாட்டில் விளைகிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்த நோட்டீஸில் எழுதாத சில விஷயங்கள் இருக்கின்றன.

நம் நாட்டில் நீளமான இழை கிடைப்பதில்லை, ஆகவே வெளிநாட்டுப் பஞ்சு வேண்டும் என்பது முதலாளிகள் வெகுநாளாகச் சொல்லிவந்த வாதம். 32 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இழைக்கு 2024 பிப்ரவரியிலேயே வரியை எடுத்தாயிற்று. 2025ல் எடுத்தது நம் விவசாயிகள் விளைவிக்கிற சாதாரணப் பஞ்சுக்கு ஈடான சரக்கின் மீதிருந்த வரி. இது முதல் விஷயம்.

வரி இருந்தபோது பஞ்சு வராமல் தவித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2023-24ல் சுமார் 15 லட்சம் பேல் இறக்குமதி. 2024-25ல் அது 40 லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி 11 சதவீத வரி இருக்கும்போதே வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2022ல் நடந்தது. அது நமக்கு மறந்துவிட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 14ல் இதே 11 சதவீத வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு அக்டோபர் 31 வரை. பஞ்சு விலை இறங்கும், நூல் விலை இறங்கும், நெசவாளி பிழைப்பான் என்று அன்றும் சொன்னார்கள். நடந்தது என்ன? வரியை எடுத்த மறுமாதமே கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைத் தாங்க மாட்டாமல் மே 16, 17 தேதிகளில் திருப்பூரே வேலையை நிறுத்தியது. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், அந்தக் கோடையில் பாவு நூல் என்ன விலை விற்றது என்று சொல்வார்கள். வரி விலக்கில் மிச்சமான காசு பஞ்சு வியாபாரியிடமும் குடோனில் பதுக்கியவனிடமும் நின்றுவிட்டது. நெசவாளி வரை வரவில்லை. மில் தொழிலாளியின் சம்பளக் கவரிலும் விழவில்லை.

இதில் நம் குற்றமும் உண்டு. 2022ல் மில் சங்கங்களில் இருக்கிற நாம் வாயைத் திறக்கவில்லை. நம்மில் சிலர் முதலாளிகளின் மகஜரையே கொஞ்சம் மாற்றிப் படித்தோம். வரி விஷயம் விவசாய சங்கத்தார் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று அன்று நினைத்தோம்.

2025 கணக்குக்கு வருவோம். கண்டிக்கு 5,500 ரூபாய் என்றால் கிலோப் பஞ்சுக்கு ஏறத்தாழ 15 ரூபாய். நோட்டீஸ் ஒட்டிய மில்லில் மகனுக்கு ஒரு நாள் கூலியில் ஒரு ரூபாய் ஏறியதா? காண்டிராக்டில் இருக்கிற ஒருவரையாவது நிரந்தரம் ஆக்கினார்களா? விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கப்படுகிற பெண் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரம் வந்துவிட்டதா? வரி விலக்கு உத்தரவில் முதலாளிக்கு ஒரு நிபந்தனைகூடக் கிடையாது.

சீனிக்கு மட்டும் வேறு நியாயம்

சர்க்கார் எல்லாச் சரக்குக்கும் இப்படி வாசலைத் திறந்து போடுகிறதா என்றால் இல்லை. சீனியைப் பாருங்கள். வெளிநாட்டுச் சீனிக்கு 2018 பிப்ரவரியில் இறக்குமதி வரி 100 சதவீதம் ஆயிற்று. நூறு ரூபாய்ச் சீனி கொண்டுவந்தால் நூறு ரூபாய் வரி! பஞ்சுக்கு இருந்தது 11.

நமக்குக் கரும்பு கிடையாது. நம் மண்ணுக்கு வாய்த்தது பனை. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் இந்தச் சுவரை நாம் சுற்றிப் பார்ப்பது நல்லது.

2016-17ல் வறட்சி. நாட்டில் சீனி உற்பத்தி ஏறத்தாழ 200 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அப்போது சர்க்கார் 'கோட்டா' முறையில் கதவைக் கொஞ்சம் திறந்தது. கோட்டா என்றால் அளந்து விடுவது: இத்தனை டன் வரை வரி இல்லை, அல்லது குறைந்த வரி, அதற்கு மேல் முழு வரி. 2017 ஏப்ரலில் 5 லட்சம் டன் கச்சாச் சீனிக்கு வரியே இல்லை. செப்டம்பரில் 3 லட்சம் டன்னுக்கு 25 சதவீத வரி. அடுத்த வருஷம் விளைச்சல் பெருகத் தொடங்கியதும் கதவை அடைத்து நூறு சதவீதச் சுவர் எழுப்பினார்கள். அதோடு விடவில்லை. 2018 ஜூனில் கிலோ 29 ரூபாய்க்குக் குறைவாக எந்த ஆலையும் சீனி விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 2019 பிப்ரவரியில் அதை 31 ஆக்கினார்கள். ஆலை முதலாளியின் சரக்குக்குச் சட்டப்படி அடிவிலை!

பருத்திச் சம்சாரிக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா? ஆதரவு விலை என்று பத்திரிகையில் வருகிறதே, அது சட்டம் அல்ல. அதற்குக் கீழே வாங்குகிற வியாபாரியை யாரும் பிடித்து உள்ளே போட முடியாது.

சரி, சுவர் எழுப்பினால் போதுமா? போதாது என்பதையும் சீனியே காட்டுகிறது. 1932ல் வெள்ளைக்கார சர்க்கார் ஜாவாச் சீனிக்கு எதிராகப் பாதுகாப்பு வரி போட்டது. அப்போது நாட்டில் முப்பது சொச்சம் ஆலைகள். ஐந்தாறு வருஷத்துக்குள் 130க்கு மேல் ஆகிவிட்டன. வரியால் தொழில் வளரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் கரும்புக்காரனுக்கு அதில் பங்கு வரவில்லை என்பதால் இரண்டே வருஷத்தில், 1934ல், கரும்புக்குக் குறைந்தபட்ச விலை கட்டத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகு 1966ல் வந்த கட்டுப்பாட்டு உத்தரவு, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று சொல்லுகிறது. சட்டம் நல்ல சட்டம்தான். தமிழ்நாட்டில் என்ன நடந்தது? மாநில சர்க்கார் அறிவித்த பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் வருஷக்கணக்கில் பாக்கி வைத்தன. 'பரிந்துரை' தானே, கட்டாயம் இல்லையே என்று வியாக்கியானம் செய்தார்கள். பிறகு அந்தப் பரிந்துரை விலையையே 2017-18ல் கைவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் மதுரை ஜில்லாவில் அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவை நின்று, திறக்கச் சொல்லி விவசாயிகள் மாதக்கணக்கில் போராட நேர்ந்தது. அந்த ஆலை நின்றது நூறு சதவீதச் சுவர் நின்றுகொண்டிருந்த காலத்தில்தான்.

சுவருக்குள்ளே சீனி வாங்குகிற நம் கதை என்ன? அந்தியோதயா அட்டை தவிர மற்ற அட்டைகளுக்குச் சீனிக்குக் கொடுத்துவந்த மானியத்தை மத்திய சர்க்கார் 2017ல் நிறுத்தியது. அந்த வருஷம் நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாய். மூன்றே மாதத்தில் ஆலைக்கு நூறு சதவீதச் சுவர். தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். வேறு விளக்கம் நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, தோழர்களே, வரி போடுவதே நமக்கு நல்லது என்றோ, வரி எடுப்பதே நமக்கு நல்லது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவர் எழுந்தபோது அதன் நிழலில் ஆலை முதலாளி உட்கார்ந்தார். வாசல் திறந்தபோது அதன் வழியே மில் முதலாளியும் பஞ்சு வியாபாரியும் நுழைந்தார்கள். சுவரோ வாசலோ, கூடவே நமக்கு என்ன எழுதிக் கொடுக்கிறாய் என்றுதான் கேட்க வேண்டும்.

வெளியே இருந்தும் ஒரு கை இந்தக் கதவைத் தள்ளுகிறது. கோட்டாவையும் வரியையும் அமெரிக்கா எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு கியூபா சாட்சி. கியூபாச் சீனிக்கு அமெரிக்கச் சந்தையில் பெரிய கோட்டா இருந்தது. புரட்சி அரசு தன் காலில் நிற்கத் துணிந்ததும், 1960 ஜூலையில் ஒரே கையெழுத்தில் 7 லட்சம் டன்னை வெட்டினார்கள். பட்டினி போட்டால் பணிந்துவிடும் என்று நினைத்தார்கள். அந்தச் சீனியைச் சோவியத் நாடு வாங்கிக்கொண்டது. 2025ல் நம் துணிக்கு 50 சதவீதம் போட்டதும் அதே கைதான். அந்த அடி விழுவதற்கு எட்டு நாள் முன்னதாகவே அமெரிக்கப் பஞ்சுக்கு நாம் வாசலைத் திறந்தோம். சமாதானம் ஆகிவிடும் என்று எண்ணினார்கள் போலும்! ஆகஸ்ட் 27ல் அடி விழாமல் நின்றதா? சொன்ன தேதிக்கு விழுந்தது. மறுநாள் 28ம் தேதி நம் சர்க்கார் செய்தது என்ன தெரியுமா? விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டியது. அடித்தவனுக்கு வாசலை இன்னும் அகலத் திறந்துவிட்டது!

அமெரிக்கப் பருத்தி மலிவாக இருப்பது அவர்கள் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல. அங்கே பண்ணைகளுக்குச் சர்க்கார் கொட்டிக் கொடுக்கிற மானியம் முறைகேடு என்று பிரேசில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தது; கடைசியில் 2014ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பண்ணையோடுதான் திருச்சுழிக் குத்தகைக்காரி போட்டி போட வேண்டும் என்கிறார்கள்.

நாம் என்ன கேட்க வேண்டும்? ஆதரவு விலை சட்டமாக வேண்டும் என்று நாடு முழுவதும் விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள். அதைப் பஞ்சாலைத் தொழிலாளியும் சேர்ந்து கேட்க வேண்டும். விலை இருந்தாலும் வாங்குகிற தராசு ஊருக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. பருத்திக் கழகத்தின் தராசைத் தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்த மானாவாரிக்காரர் நம் பக்கம் எத்தனை பேர்? கழகம் 8 முதல் 12 சதவீத ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் எடுக்கும். 2025ல் அதற்கும் மேலே செல்போன் செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள்; நிலப் பத்திரம் காட்டச் சொன்னார்கள். குத்தகைக்குப் பயிர் செய்கிற அந்தத் தாய்க்குச் சிட்டாவும் அடங்கலும் யார் பேரில் இருக்கும்? அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் எடுப்புக் காலம் முழுவதும் கழகம் நேரில் வந்து வாங்க வேண்டும். குத்தகைக்காரரிடமும் வாங்க வேண்டும். இதை மில் சங்கம் தன் மாநாட்டிலும் தீர்மானமாகப் போட வேண்டும். வரிச் சலுகை வாங்குகிற மில்லில் ஆட்குறைப்புக் கூடாது, ஷிப்டு குறைக்கக் கூடாது, குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும் என்பதை விவசாயத் தொழிலாளர் சங்கமும் தன் கோரிக்கையில் எழுத வேண்டும். ரேஷன் சீனி விலையும் இரண்டு பேருக்கும் பொதுவான கோரிக்கைதான்.

வெறும் கோஷத்தோடு போனால் அதிகாரி நம்மிடம் புள்ளிவிவரம் கேட்பார். மாசியில் எடுப்பு மும்முரமாகும். அதற்குள் ஒவ்வொரு கிராமக் கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை கிலோ, யாருடைய தராசு, என்ன விலை, தரகு எவ்வளவு, கழிவு எவ்வளவு, எடுப்புக் கூலி கிலோவுக்கு என்ன என்று எழுதட்டும். மில் தோழர்கள் தங்கள் பக்கம் எழுதட்டும்: எத்தனை ஷிப்டு ஓடுகிறது, நிரந்தரம் எத்தனை பேர், காண்டிராக்ட் எத்தனை பேர், குடோனில் இறங்குகிற பேல் எந்த நாட்டுச் சரக்கு. பேலின் மேலே மார்க்கு இருக்கும்; பார்த்து எழுதுவதற்கு இங்கிலீஷ் படித்திருக்க வேண்டியதில்லை. பங்குனியில் இரண்டு நோட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படிப்போம். முதல் இரண்டு நோட்டுக்களை அந்தத் தாயிடமும் மகனிடமும் கொடுப்பதாக இருக்கிறோம்.